முழங்கால் பூட்டு

காலில் மாட்டும் காலிப்பர் செய்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது பட்டறைக்காரியின் எண்ணம். அதில் தப்பும் இல்லை. பதினாறு வருடமாக மருத்துவமனைப் பட்டறையில், கால் செயலிழந்த பிள்ளைகளை இரும்புப் பட்டையும் தோலும் கொண்டு எழுப்பி நடக்க வைப்பவள். அதனால்தான் அன்று காலை தையல்காரர் தன் ஏழு வயது மகளைத் தூக்கிவந்து, காலிப்பர் இரண்டையும் மேஜைமேல் டொம்மென்று போட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"நேத்து வாசல்லயே விழுந்துட்டா. முழங்கால் மடங்கிடுச்சு. நீங்க செஞ்சது சரியில்லம்மா."

"நான் செஞ்சது மடங்காதுங்க."

சிறுமி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இனிமே அதப் போடவே மாட்டேன்" என்றாள்.

அதைக் கேட்டதும் பட்டறைக்காரிக்குப் பகீரென்றது. பயந்துபோன பிள்ளை மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டால் இடுப்பும் முழங்காலும் இறுகிவிடும். அப்புறம் எந்தக் காலிப்பரும் ஏறாது. சிறுமி இன்றே நடந்தாக வேண்டும்.

காலிப்பரைப் புரட்டிப் பார்த்தாள். முழங்கால் மூட்டைச் சுற்றி வெல்வெட் உறை. காலை நேராக்கி, பட்டையில் கோத்திருக்கும் இரும்பு வளையத்தைக் கீழே தள்ளினால், அது மூட்டைக் கவ்வி 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். துணி தடுத்ததில் வளையம் பாதியிலேயே நின்றிருந்தது.

"இது யாரு கைவேல?"

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "எந்திரிச்சா டக், உக்காந்தா டக்குன்னு பள்ளிக்கூடத்துல கேலி பண்றாங்களாம். சத்தம் வராம இருக்கட்டுமேன்னு..."

வந்த கோபத்தை மென்று விழுங்கினாள். தையல் என்னமோ முத்து முத்தாகத்தான் இருந்தது. போட்ட இடம்தான் வில்லங்கம். கத்தரியை எடுத்து உறையை நறுக்கி எறிந்துவிட்டு, சிறுமியைப் பெஞ்சில் உட்கார வைத்து எதிரே மண்டியிட்டாள்.

"கண்ணு, காலிப்பர் மேல தப்பில்ல, உன் மேலயும் இல்ல. டக்னு கேட்டா பூட்டியாச்சு, தைரியமா எந்திரி. கேக்கலன்னா எந்திரிக்காத."

"கேலி பண்ணுவாங்களே?"

"பாவம், அவங்க முழங்கால்ல பூட்டே கெடையாது. அந்தப் பொறாமைதான்."

சிறுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை நீட்டினாள். பட்டறைக்காரி காலிப்பர்களை மாட்டிவிட்டாள்; வளையங்களைச் சிறுமியே தள்ளினாள்.

வலது கால், டக். இடது கால், சத்தமே இல்லை. தையல்காரர் பதறி முன்னால் வந்தார். பட்டறைக்காரி முறைத்த முறைப்பில் அப்படியே நின்றார். சிறுமி குனிந்து பார்த்தாள். அறுந்த நூல் ஒன்று வளையத்தில் சிக்கியிருந்தது. நகத்தால் உருவிப் போட்டு, மறுபடி தள்ளினாள்.

டக்.

பட்டறைக்காரி நீட்டிய ஊன்றுகோல்களைப் பிடித்து எழுந்தாள். முதல் அடியில் உதடு நடுங்கியது. ஐந்தாவது அடியில் நாக்கைத் துருத்திக்கொண்டு நடந்தாள். சுவரைத் தொட்டுத் திரும்பியும் வந்தாள். பட்டறைக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை.

"வாடா தங்கம், போலாம்" என்று தூக்கக் கை நீட்டினார் தையல்காரர்.

"நீங்க முன்னாடி போங்கப்பா. நான் வர்றேன்."

அவர் வாசல்வரை போனார். அதற்குமேல் முடியவில்லை, கதவைப் பிடித்தபடி தோள் குலுங்க நின்றுவிட்டார்.

"அப்பா, வழிய மறைக்காதீங்க" என்றாள் மகள்.