தையல் மெஷினைச் சுற்றிய காற்று

லாரிக்காரன் எங்கே வண்டியைக் கிளப்பினாலும், அந்த நொடியே வீட்டில் அவன் மனைவியின் தையல் மெஷினைச் சுற்றிக் காற்று அடிக்கத் தொடங்கும். வண்டி முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் சரி, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தாலும் சரி. கல்யாணமான மூன்றாம் மாதம் ஆரம்பித்த விஷயம் இது. லேசான டீசல் வாடையோடு வரும். ஏற்றத்தில் அவன் மிதித்தால் வேகமாக அடிக்கும், இறக்கத்தில் தணியும். ரேடியேட்டருக்குப் பின்னால் எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் ஃபேனின் காற்றுதான் அது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. மெஷினைச் சமையலறைக்கு நகர்த்திப் பார்த்தார்கள். காற்றும் பின்னாலேயே போய் அடுப்பை அணைத்தது. மறுநாளே முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

பதினோரு வருஷம் அந்தக் காற்றில் உட்கார்ந்துதான் அவள் தைத்தாள். கூந்தலை இறுக்கி முடிந்து, துணியின் மேல் கத்தரிக்கோலையும் இஸ்திரிப் பெட்டியையும் பாரமாக வைத்துக்கொள்வாள். ஒருமுறை அளவுச் சீட்டுகள் பறந்து இடம் மாறியதில், எதிர்வீட்டம்மாவின் ரவிக்கை ஒன்பது வயதுப் பெண்ணுக்குத்தான் பொருந்தியது. அந்தம்மா போட்ட கூச்சல் இன்னும் தெருவில் பேச்சாக இருக்கிறது. காற்று நின்றால் அவன் எங்கோ சாப்பிட நிறுத்தியிருக்கிறான் என்று அர்த்தம். அவளும் அப்போதே தட்டை எடுத்துப் போட்டுக்கொள்வாள். வாரத்தில் ஒருநாள் மட்டும் வீடு தங்குகிற புருஷனோடு அவள் தினமும் சேர்ந்து சாப்பிட்டது இப்படித்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "ஏங்க, உங்க வண்டியால என் நூலெல்லாம் சிக்கு விழுது" என்று அவ்வப்போது புலம்புவாள். அந்தப் புலம்பல்தான் வினையானது.

பழைய ஃபேனில் விரிசல் விழுந்தது. எப்படியும் மாற்றியாக வேண்டும். மெக்கானிக் ஒளிவுமறைவில்லாமல் சொன்னான்: "அண்ணே, எலக்ட்ரிக் ஃபேன் எஞ்சின் சூடானாத்தான் ஓடும், மத்த நேரம் சும்மா கெடக்கும். டீசல் மிச்சம், சத்தமும் இல்ல. ஆனா நீங்க ஏத்துற லோடுக்கும் மலைப்பாதைக்கும் பெல்ட் ஃபேன்தான் நம்பிக்கை. எஞ்சின் சுத்துற வரைக்கும் அதுவும் சுத்தும். எலக்ட்ரிக்ல ஒரு ஃபியூஸ் போச்சுன்னா முடிஞ்சுது கதை." லாரிக்காரன் நாலு நாள் யோசித்தான். டயர்க்கடைக்காரனைக் கேட்டான், பேட்டரிக்காரனைக் கேட்டான், டீக்கடையில் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாத ஒருவனைக்கூடக் கேட்டான். யார் மேல் அந்தக் காற்று அடிக்கிறதோ அவளை மட்டும் கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சலாக வருகிறது. எலக்ட்ரிக் ஃபேனை மாட்டிக்கொண்டு வந்து, "உனக்காகத்தான் மாத்துனேன், இனி காத்துத் தொல்லை இல்ல" என்றான். பாதி உண்மை. மீதிப் பாதி டீசல்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"கேட்டா மட்டும் வேணாம்னா சொல்லப்போற?"

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அறையில் நூல் சிக்கு விழவில்லை, சீட்டுகள் வைத்த இடத்தில் இருந்தன. அவன் ஓடுகிறானா, நிற்கிறானா, இருக்கிறானா என்று மட்டும் தெரியவில்லை. தட்டை எடுப்பதும் வைப்பதுமாக மத்தியானங்கள் போயின. அதோடு புதிதாக ஒன்று சேர்ந்தது. அங்கே எஞ்சின் சூடேறினால் இங்கே முதலில் மெஷின் சுடும், பிறகுதான் குப்பென்று காற்று வரும், அதுவும் சட்டென்று நின்றுவிடும். "மெஷின் சுடுதுங்க, பழையபடி பெல்ட் ஃபேனே போட்டுடுங்க" என்று கேட்டுப் பார்த்தாள். "பாக்கலாம்" என்றான். அந்த ஒரு சொல்லை வைத்தே இரண்டு வருஷம் ஓட்டினான்.

ஒரு மத்தியானம் முழு லோடு சிமெண்டோடு மலை ஏறும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஃபேன் ஓடவில்லை. வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். நடு ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி வண்டியை எடுப்பது பெரும்பாடு, இன்னும் மூன்று வளைவுதானே, மேலே போய் நிறுத்திக்கொள்வோம் என்று மிதித்தான். இங்கே மெஷின் மேல் கிடந்த பள்ளிச் சீருடை கருக ஆரம்பித்தது. ஊரார் துணி ஆயிற்றே என்று அவள் இரண்டு கையாலும் அதை இழுத்தாள். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது.

புண் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "மூணு வளைவுதானேன்னு நெனச்சேன்மா" என்றான். "நீங்க வளைவ எண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றாள் அவள். அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மெஷினை எடுத்துப்போகவில்லை, எடுத்துப்போய் என்ன செய்ய?

அந்த வாரமே அவன் பெல்ட் ஃபேனை மாட்டினான். காற்று பழையபடி வந்தது, டீசல் வாடை உட்பட, ஆளில்லாத அறைக்கு. எத்தனையோ முறை போய்க் கூப்பிட்டான். அவள் டீ கொடுப்பாள், ரோடெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள், வரமாட்டாள். ஒரு மழைக்காலத்தில் எதிர்வீட்டம்மா சாவியைக் கேட்டு வாங்கி, அறையில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள். பிறகு தெருவே போட்டது. அவன் தூரத்து லோடுக்குப் போனால் போர்வைகள், பக்கத்து லோடென்றால் கைக்குட்டையும் துண்டும்.

இப்போது வீடு தங்கும் நாட்களில் அவன் லாரியை வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுவிட்டு உள்ளே போய், மெஷினுக்கு எதிரில் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறான். ஒரு சொட்டு டீசலுக்குக் கணக்குப் பார்த்தவன் டேங்க் தீருகிறவரை உட்கார்ந்திருக்கிறான். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எதிர்வீட்டம்மா மட்டும் கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தலையணை உறை இன்னும் ஈரமா இருக்குப்பா, கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்கிறாள். "சரிங்கம்மா" என்று அவன் தலையாட்டுகிறான்.