அப்பாவுக்கு வந்த பயம்

தலையணையை உயர்த்தி வைக்கக் குனிந்தவளின் மணிக்கட்டை அப்பா இறுகப் பிடித்துக்கொண்டார். கரண்டியைக்கூடத் தூக்க முடியாத கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"என்னப்பா, வலிக்குதா?"

இல்லையென்று தலையசைத்தார். உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன.

"பயமா இருக்கு பாப்பா."

இந்த வார்த்தையை அவள் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. இருதயம் இனிமேல் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று மருத்துவர் சொன்னபோதுகூட, "நல்லதாப் போச்சு, ஆஸ்பத்திரிக் கட்டில் எனக்கு நீளம் பத்தல" என்று சிரித்தவர். அம்மா போதகரை அழைத்துவரப் போயிருந்தாள். வெயில் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. வீட்டில் இவர்கள் இரண்டே பேர்.

கணக்குச் சொல்லிக்கொடுத்த கல்லூரியில் அவருக்குக் 'கண்மூடி சார்' என்று பெயர். கணக்குப் போடுவதற்குமுன், கையில் சாக்பீஸோடு ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபிப்பார். அந்த நேரம் பார்த்து நழுவப் போனவனிடம், மூடிய கண்ணைத் திறக்காமலே, "கதவை மெதுவாச் சாத்திட்டுப் போப்பா" என்றாராம். கடவுளை நிரூபிக்க முடியுமா சார் என்று வம்புக்கு இழுத்தவனிடம், "அவர் என் பாடத்திட்டத்துல இல்ல. நான்தான் அவர் பாடத்திட்டத்துல இருக்கேன்" என்றவர். மதிப்பெண் போடுவதில் கறார். ஆனால் தேறாதவர்களை வீட்டுக்கு வரச்சொல்லிச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் போகும்வரை குடும்பம் அடுக்களையில் நின்றபடியே சாப்பிடும்.

அப்படிப்பட்டவர் இப்போது அவள் கையை விடவில்லை.

"நீ ஜெபம் பண்ணு. எனக்கு வார்த்தை சேர மாட்டேங்குது."

வயிற்றிலிருந்த பிள்ளை தங்காமல் போனதிலிருந்து அவள் ஆலயத்தின் படி ஏறவில்லை. ஏன் என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆராதனையில் தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை மட்டும் விட்டுவைப்பாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

கண்ணை மூடினாள். "கர்த்தாவே" என்றாள். அதற்குமேல் ஒரு சொல்லும் சேரவில்லை. இல்லாத கடவுளிடம் பேசி, சாகப்போகிற அப்பாவை ஏமாற்றுகிறோமோ என்று ஒரு பயம். கடவுள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று அதைவிடப் பெரிய பயம்.

"வரலப்பா" என்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். சரியான விடை சொன்ன மாணவியைப் பார்ப்பதுபோல இருந்தது.

"சரி. அப்ப ரெண்டு பேருமாச் சேந்து பயப்படுவோம்."

கட்டிலில் அவர் பக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். அவர் மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. நின்றபோதெல்லாம் இவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒருமுறை அது வரவில்லை. அவள் மருந்துக்கடை வைத்திருப்பவள், நாடி பார்க்கத் தெரிந்தவள்; ஆனாலும் பார்க்கவில்லை. வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டபோதும் அடுத்த மூச்சுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் கூடம் கொள்ளாத கூட்டம். பழைய மாணவர்கள் நரைத்த தலையோடு வந்து சுவரோரம் நின்றார்கள். "எவ்வளவு சமாதானமாப் போயிருக்கார் பாரு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெட்டியை எடுப்பதற்குமுன் போதகர் அவளிடம் குனிந்தார்.

"கடைசியில நீதானம்மா பக்கத்துல இருந்த. ஜெபம் பண்ணிட்டேதான போனார்? பிரசங்கத்துல சொல்லணும்."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அம்மா உடைந்துபோவாள். ஆனால் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"பயமா இருக்குன்னு சொன்னார்."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடி" என்று அத்தை சீறினாள். "எங்க அண்ணனாவது, பயப்படறதாவது!"

"என்கிட்டயும் சொன்னார்" என்றாள் அம்மா.

குரல் உடையவில்லை. சேலைத் தலைப்பால் பெட்டியின் விளிம்பைத் துடைத்தபடியே பேசினாள்.

"படுத்ததுலேர்ந்தே சொல்லிட்டிருந்தார். ஜெபம் முடிஞ்சதும் என் கையைப் பிடிச்சுக்குவார். பாப்பாவுக்குத் தெரிய வேணாம், பயந்துடுவாம்பார்." போதகரை ஏறிட்டுப் பார்த்தாள். "பயந்துட்டேதான் ஜெபம் பண்ணினார்னு சொல்லுங்க பாஸ்டர். ஒரு நாள்கூட விடலன்னு சொல்லுங்க."

போதகர் தலையை ஆட்டினார். ஆலயத்தில் அப்படியே சொன்னார். வழுக்கைத் தலை மாணவர் ஒருவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் அம்மா தோளில் துண்டோடு வந்து நின்றாள்.

"குளிச்சிட்டு வந்துடறேன்."

"சரிம்மா."

குளியலறை வரைக்கும் போனவள் திரும்பினாள். "தாழ்ப்பாள் போடல. நீ அந்தப் பக்கம் எங்கயும் போயிடாத."

அம்மா உள்ளே போனதும், சாத்தியிருந்த கதவில் இவள் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றபோது, "அம்மா" என்றாள்.

"ம்."

மறுபடி தண்ணீர் விழுந்தது.