பிடி திரும்பிய பக்கம்

1971 தை அறுவடையில், கரையாம்புத்தூர் செங்கமலம் பத்தடி தள்ளி வரப்பில் கிடந்த அருவாளைப் பார்த்தாள். அருவாள் அங்கேயே கிடக்க, அவள் காலடியில் ஒரு பிடி நெல் அறுந்து சாய்ந்தது. அவளுடைய வெறுங்கை காற்றில் தாளைச் சேர்த்துப் பிடித்து இழுத்ததைப் பக்கத்து வரிசைப் பெண்கள் பார்த்தார்கள். அன்று பனி அதிகம், கட்டுகள் ஈரமாகவே களத்துக்குப் போயின.

இதில் பாதி எல்லோருக்கும் நடப்பதுதான். ஒரு சொம்பைப் பார்த்தால் கண் அது சொம்பு என்று சொல்லிவிட்டு நிற்பதில்லை. கழுத்து எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று கைக்கும் தகவல் போய்விடும். எடுக்கலாமா என்று நாம் நினைப்பதற்குள் கை அந்த அளவுக்குத் தயாராகியிருக்கும். தலைக்குள் வேறோர் இடம் ‘சும்மா இரு’ என்று அடக்குவதால் வெளியே தெரிவதில்லை. செங்கமலத்துக்கு அந்த அடக்குகிற இடம் மௌனமாகிவிட்டது. வேலையோ பொருளைத் தொடாமலே நடந்தது. பிடி அவள் பக்கம் இருந்தால்தான் நடக்கும் என்பதை ஊர் ஒரே வாரத்தில் கண்டுகொண்டது. அவள் தெருவில் வந்தால் மண்வெட்டியையும் துடைப்பத்தையும் திருப்பி வைத்தார்கள்.

மறு ஆண்டு ஆடியில் ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம், தூளியை ஆட்டிக்கொண்டிருந்தவள் கண்ணில் கூரையில் செருகியிருந்த கத்தி பட்டது. பிடி அவளைப் பார்த்திருந்தது. பதறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கை நிற்கவில்லை. பார்வை இழந்த கை எதிரே இருந்ததை அறுத்தது. தூளிப் புடவை இரண்டாகி, குழந்தை வைக்கோல்மேல் விழுந்து பிழைத்தது.

புருஷன் மாரிமுத்து அறுந்த தூளியை அவிழ்த்துச் சுருட்டினான். அவன் அக்கா காசம்மாள் பண்டசோழநல்லூரிலிருந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

“உங்கிட்ட இருந்தா புள்ள தங்காதுடி. எங்க வூட்ல வளரட்டும்.”

“பால் குடிக்கிற புள்ள, அண்ணி.”

“ஆட்டுப்பால் இருக்குது.”

எட்டு மாதம் ஓடியது. பதினோராம் மாதத்தில் ஐயனார் கோயிலில் மொட்டை. பெற்றவள் என்பதால் அவளையும் கூப்பிட்டு, பத்தடிக்கு அப்பால் உட்கார வைத்தார்கள். குழந்தை தாய்மாமன் மடியில் இருந்தது. நாவிதர் உலகநாதன் வெளியூர்; சங்கதி தெரியாது. கூரான எதையும் கைக்குக் கை கொடுக்காமல், கீழே வைத்து, பிடியை எதிராளி பக்கம் திருப்பி வைப்பது இந்தப் பக்கத்து மரியாதை. பெற்றவள் முதலில் தொட்டுக் கும்பிடட்டும் என்று சவரக்கத்தியை வாழையிலையில் வைத்து, பிடியைச் செங்கமலத்தின் பக்கம் திருப்பினார்.

அவள் விரல்கள் மடங்கின.

“கண்ண மூடுடி!” என்று காசம்மாள் அலறினாள்.

செங்கமலம் மூடவில்லை. அன்றைக்கு மூடியதுதான் தப்பு என்று எட்டு மாதமும் தனக்குள் புரட்டிப் பார்த்திருந்தாள். கண் கொடுப்பதுதான் கைக்குத் தெரியும். அவள் கத்தியிலிருந்து பார்வையை எடுத்து, குழந்தையின் தலையைப் பார்த்தாள்: இரட்டைச் சுழி, உச்சியில் துடிக்கும் மெத்தென்ற இடம், காது மடல். இமைக்கவில்லை. கண்ணில் நீர் கோத்தது. கத்தி இலையிலேயே கிடந்தது. முடி நெற்றியிலிருந்து பின்னோக்கிச் சுருள் சுருளாக உதிர்ந்தது. குழந்தை ஒரு தரம் கொட்டாவி விட்டது.

உலகநாதன் தலையைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

“அப்ப எனக்கு இன்னாம்மா வேல?” என்றபடி சந்தனத்தைக் குழைத்தார்.

செங்கமலம் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் இரண்டும் குழந்தை அளவுக்கு விரிந்தன. குழந்தை மாமன் மடியிலிருந்து எழும்பி, இடுப்பு உயரத்தில் மெதுவாக மிதந்து வந்தது. வழியில் நின்ற காசம்மாள் ஒதுங்கி இடம் விட்டாள்.

“புள்ள தலைய மூடி எடுத்துக்கினு போடி, வெயில் ஏறுது” என்றாள்.

மாரிமுத்து துண்டை எடுத்துக் கொடுத்தான்.