என்னத்தை ஊத்துறீங்க

கீழ்வேளூர்ப் பக்கத்துக் காளியம்மாளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் சேர்த்தபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. கதிர் முற்றி நின்ற அவள் வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க இயந்திரத்தை இறக்கியிருந்தார்கள். மறியல் செய்து கைதாகி வெளியே வந்த நாளிலிருந்து, எந்தச் சோற்றிலும் அவளுக்கு அந்த இயந்திரத்தின் எண்ணெய் வாடை அடித்தது. சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டாள். டாக்டர் வைத்தியலிங்கம் மூக்கு வழியாகக் குழாய் போடச் சொன்னார்.

குழாயில் எதை, எவ்வளவு ஊற்றுவது என்பது உணவு நிபுணர் பிரகதாம்பாளின் பொறுப்பு. பட்டினி கிடந்த உடம்பு ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது. கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கும்படி எழுதினாள். பாலும் சத்துமாவும் எண்ணெயும் கலந்து வார்டுக்குப் போனது. தன் வேலை அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தாள்.

நர்ஸ் ஜன்னத் பீவி அவளைத் தேடி வந்தாள். "மேடம், அந்தம்மா குழாயைப் பிடுங்கிடுறாங்க. ஒவ்வொரு தடவையும் கையைக் கட்டி, ஆள் வச்சுப் பிடிக்க வேண்டியிருக்கு. நீங்க அடிக்கடின்னு எழுதிட்டீங்க. ஒருதரம் வந்து பாருங்க."

பிரகதாம்பாள் போனாள். மணிக்கட்டுகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். தோளையும் காலையும் ஆட்கள் அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஊற்றி முடியும்வரை நின்று பார்த்தாள். கட்டை அவிழ்த்த பிறகு காளியம்மாள் கேட்டாள்.

"என்னத்தை ஊத்துறீங்க?"

அதுவரை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. "பால், சத்துமாவு, கொஞ்சம் எண்ணெய்" என்றாள் பிரகதாம்பாள்.

"எண்ணெய்னு நான் கத்தினப்ப கிறுக்குன்னீங்களே."

சமையல் எண்ணெய் வேறு என்று விளக்கியிருக்கலாம். பிரகதாம்பாள் தான் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் போனாள். "வேளையைக் குறைச்சிடலாம் சார். தினமும் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்து, ஒரு வேளைக்குக் கொடுக்கிற அளவைக் கூட்டிக்கிறேன்."

"உடம்பு தாங்குமா?"

"பயமாத்தான் இருக்கு. கட்டி வைக்கிறதையும் அதே உடம்புதானே தாங்குது."

வைத்தியலிங்கம் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் எண்ணெய்க்குப் பதில் நெய். பிரகதாம்பாள் கட்டில் பக்கத்திலேயே வைத்துக் கலந்தாள். காளியம்மாள் பாத்திரத்தை மோந்து பார்த்தாள். அன்றும் குழாயைப் பிடுங்கினாள், அன்றும் கட்டினார்கள். நாலைந்து நாள் போன பிறகு, "கட்டாம போடுங்க" என்று மூக்கைக் காட்டிப் படுத்தாள். பிற்பாடு டம்ளரை வாங்கித் தானே குடித்தாள்.

சோற்றைத் தொடாமலேதான் ஊருக்குக் கிளம்பினாள். கூட்டிப்போக வந்த தம்பி செல்லத்துரை, "வீட்டுல சோறு திங்குமாங்க?" என்று கேட்டான்.

"தெரியலைங்க" என்றாள் பிரகதாம்பாள். "எதைக் கொடுத்தாலும் என்னன்னு சொல்லிட்டுக் கொடுங்க."