முதுகுக்கு ஒரு வசனம்

படத்தின் கடைசிக் காட்சியில் தாய் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பொய்ச்சாட்சி சொல்லி அண்ணனையே சிறைக்கு அனுப்பிய இளைய மகன், வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டு அழுவான். அவள் பாட்டுக்குப் பாத்திரம் துலக்குவாள். அவ்வளவுதான். அந்த மௌனத்துக்காக இயக்குநர் மூன்று வருடம் நாயாய் அலைந்திருந்தார். எடிட்டர் அவருடைய மனைவியின் தம்பி. சினிமாவில் தான் செய்த உருப்படியான வேலை அந்தக் காட்சி ஒன்றுதான் என்று அவனுக்கே தெரியும்.

படம் பார்க்க, பணம் போட்ட கம்பெனியின் முதலாளி எடிட்டிங் அறைக்கு வந்தார். ஏசியைக் கூட்டச் சொன்னார். படம் ஓடிய நேரமெல்லாம் முந்திரிப்பருப்பை மென்றுகொண்டு போனில் மேய்ந்தார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? ஆனால் கழுதை சம்பளம் தருவதில்லை, இவர் தருகிறார்.

"அம்மான்னா மன்னிக்கணும். கல்லு மாதிரி நின்னா எவன் டிக்கெட் வாங்குவான்? கடைசி சீனை மறுபடி எடுங்க."

"முடியாது" என்று இயக்குநர் எழுந்து போய்விட்டார். தாயாக நடித்தவரும் போனிலேயே மறுத்துவிட்டார்.

முதலாளி எடிட்டர் பக்கம் திரும்பினார். "அடுத்த ரெண்டு படமும் உனக்குத்தான் தம்பி. ஏதாவது வழி இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும்.

"அவங்க முதுகு காட்டி நிக்கிற ஷாட் ஒண்ணு இருக்கு சார். உதடு தெரியாது. என்ன வேணா பேச வைக்கலாம்."

மறுநாள் காலை ஒரு மிமிக்ரிக்காரி வந்தாள். நடிகையின் குரலை அச்சு அசலாகப் பிடித்து, "போனது போகட்டும்டா கண்ணு, உள்ள வா" என்று மைக் முன்னால் மூக்கை உறிஞ்சினாள். முதலாளி கைதட்டினார். அதன்மேல் வயலினை அள்ளிக் கொட்டச் சொன்னார். எடிட்டருக்கு அருவருப்பாக இருந்தது. பாதி முதலாளியை நினைத்து. மீதி, அந்தக் குரல் முதுகில் கச்சிதமாக உட்காரும்படி இரண்டு பிரேம் நகர்த்திக் கொடுத்த தன் கையை நினைத்து. வெட்கங்கெட்ட கை.

வெளியீட்டுக்கு முன் போட்ட சிறப்புக் காட்சியில்தான் இயக்குநர் அதைப் பார்த்தார். ஜனம் சரியாக அந்த இடத்தில் அழுதது. தியேட்டரின் கை கழுவும் இடத்தில் அவர் தனியாக நின்றிருந்தார். அடிப்பார் என்று எடிட்டர் நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

"நான் செய்யலைன்னா வேற எவனாவது கண்டபடி வெட்டியிருப்பான் மாமா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். குரல் உயரவே இல்லை.

"அந்த முதுகு ஷாட்டை நான் எடுக்கறதாவே இல்ல மாப்ள. கடைசி வரைக்கும் அவ முகத்தை மட்டும்தான் காட்டணும்னு இருந்தேன். பாக்கறவன் மூச்சு விட ஒரு ஷாட் வேணும் மாமான்னு நீதான் கேட்ட. நீ கேட்டியேன்னு எடுத்தேன்."