ஒன்பதாம் நம்பர் குண்டு

“ஒன்பதா? புறா சுடவா போறோம்?” தோட்டாப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் வெண்டெல். “வான்கோழிக்கு அஞ்சாம் நம்பர் ஈயம். எங்கப்பா காலத்துல இருந்தே அதான்.”

“உங்கப்பா நெஞ்சுல மிஷின வச்சுக்கிட்டுச் சுடல,” என்றாள் அவன் மனைவி ஒலீட்டா.

பெரிய துப்பாக்கி இனித் தோளில் உதைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வான்கோழி வேட்டை சீசனில் முதல் வாரம் மட்டும், அதுவும் மனைவியின் சின்னத் துப்பாக்கியோடு போகலாம். அதன் தோட்டாவுக்குள் ஐந்தாம் நம்பர் ஈயம் கொஞ்சம்தான் பிடிக்கும். பொடி இரும்புக் குண்டு நிறையப் பிடிக்கும், ஆனால் கனமில்லாமல் பாதி வழியிலேயே சோர்ந்துவிடும். இந்த ஒன்பதாம் நம்பரோ டங்ஸ்டன். கடுகளவுதான், ஆனால் ஈயத்தைவிட எவ்வளவோ கனம்.

“கடுகு தாளிக்கப் போறா என் பொண்டாட்டி,” என்று முனகிக்கொண்டே கொட்டகைச் சுவரில் காகிதத்தைக் குத்தினான். வான்கோழித் தலையை அவன்தான் வரைந்தான், வாத்து மாதிரி இருந்தது. நாற்பது தப்படி நடந்து போய்ச் சுட்டான்.

காகிதம் சல்லடை. எண்ண ஆரம்பித்தவன் நூறைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டான்.

“என்ன, தாளிச்சாச்சா?”

“வாய மூடு கிழவி.”

அடுத்த காகிதத்தைப் பன்னிரண்டு தப்படியில் சுட்டுப் பார்த்தான். முஷ்டி அளவில் ஒரே ஓட்டை. “கிட்ட வந்தா குண்டு பரவாது. குறி கொஞ்சம் விலகினாலும் போச்சு. அதனால வான்கோழிய முப்பது தப்படியில நிக்க வச்சிரு. புரியுதா?”

“நானா?”

“பின்ன? பெட்டக் குரல்ல கூப்பிடுற பலகைய யார் தேய்க்கிறது? ஹோய்ட்டா எந்திரிச்சு வரப் போறான்?”

ஹோய்ட் அவன் அண்ணன். செத்து இரண்டு வருஷம் ஆகிறது. நாற்பது ஏப்ரல்கள் அண்ணனும் தம்பியும் பிக்கப் வண்டியில் கிளம்பிப் போகிற சத்தத்தைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டவள் ஒலீட்டா. கல்யாணமான முதல் வசந்தத்தில் ஒரே ஒரு தரம் வெண்டெல் அவளைக் கூட்டிப் போனான். ஓக் மரத்தடியில் தோளோடு தோள் ஒட்டி, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தோளின் சூடுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

திங்கட்கிழமை விடிகிறபோது அதே மலைச்சரிவில் உட்கார்ந்தார்கள். அவன் மூச்சு வாங்குவது அவள் தோளில் தெரிந்தது. அவள் பலகையைத் தேய்த்தாள். பெட்டைக் குரல் எழும்பியது. ஓடைக்கு அப்பாலிருந்து வான்கோழிச் சேவல் பதில் சொன்னது. பிறகு தோகை விரித்து, கழுத்து சிவக்க, மரங்களுக்கிடையே வந்தது.

முப்பது தப்படி. போதும் என்று அவன் விரலை அசைத்தான்.

சட்டப்படி முதல் வாரத்துக்கு ஆளுக்கு ஒரு சேவல்தான் கணக்கு. இது விழுந்தால் இவனுக்கு இந்த வருஷமே முடிந்தது. நாளைக்கு வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பான். அடுத்த ஏப்ரலைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

அவள் கை நிற்கவில்லை. மெதுவாக, இன்னொரு தரம் தேய்த்தாள். இன்னொரு தரம்.

சேவல் எங்கேயும் நிற்காமல் நெருங்கி வந்தது. பத்துத் தப்படியில் அவன் சுட்டான். சேவலுக்குப் பக்கத்தில் மண்தான் சிதறியது. அது பறந்து ஓடையைத் தாண்டிப் போனது.

“முப்பதுல நிறுத்தச் சொன்னேன்ல?”

“சொன்ன.”

“கையக் காட்டினேன்ல?”

“பாத்தேன்.”

“அப்புறம் எதுக்குடி இழுத்த?”

“அது விழுந்திருந்தா இப்பவே வீட்டுக்குக் கிளம்பியிருப்போம்.”

வெண்டெல் துப்பாக்கியைத் திறந்து, வெற்றுத் தோட்டாவை எடுத்துப் பையில் போட்டான்.

“என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல, கழுத.”

“நாப்பது வருஷமா நீ கேப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

அவன் எழுந்திருக்கவில்லை. சற்று நகர்ந்து மரத்தில் அவளுக்கும் முதுகு சாய இடம் விட்டான்.

“சரி, தேய். மத்தியானம் ஒரு மணி வரைக்கும் வேட்டைக்கு நேரம் இருக்கு.”