கூடைக் காவல்

நோரெலா பந்தைக் குளத்தில் போட்டாள். அது மிதக்கவில்லை. நேராக அடிக்குப் போனது.

"உள்ள உப்புத்தண்ணி, அதான் மூழ்குது" என்றாள், நீருக்கடிப் பந்தாட்டத்துக்குப் புதிதாய் வந்தவர்களிடம். "ரெண்டு முனையிலயும் அடியில ஒரு இரும்புக் கூடை இருக்கு. எதிராளி கூடையில பந்தைப் போட்டா கோல். பந்து வெச்சிருக்கறவங்களைப் பிடிக்கலாம், இழுக்கலாம். முகமூடியில மட்டும் கை வெக்கக் கூடாது."

"மூச்சுக்கு என்னம்மா பண்றது?" என்றார் ரொட்டிக்கடை ஓவிடியோ.

"அடக்கிக்கணும்."

"மாமியார் பேசறப்ப தினமும் அதான பண்றேன்."

மெடயின் நகரத்துச் சனிக்கிழமைக் கூட்டம் சிரித்தது.

அடுத்து கூடைக் காவல். ஒருவர் மல்லாந்து படுத்து முதுகால் கூடையின் வாயை அடைக்க வேண்டும். ஜோடி மேலே மூச்சு வாங்கும். கீழே இருப்பவருக்கு மூச்சு முட்டுவதற்குள் இறங்கி இடத்தைப் பிடிக்க வேண்டும். சைகை கிடையாது. ஆள் வராமல் எழுந்தால் கூடை திறந்துவிடும். ஏழு வருடமாக அவளும் கணவன் எடில்சனும்தான் ஜோடி.

செய்து காட்டப் போய்ப் படுத்தாள். மேலே ரப்பர்த் துடுப்பு மாட்டிய அவன் கால்கள் சும்மா ஆடிக்கொண்டிருந்தன. நெஞ்சு எகிறத் தொடங்கிய பிறகும் ஆடின. அவன் வந்து சேர்ந்ததும் மேலே பாய்ந்து இருமினாள்.

"என்னய்யா, கொன்னுடுவ போல?"

"அசந்துட்டேன். ராத்திரியெல்லாம் ஒர்க்‌ஷாப்ல வேலைன்னு தெரியும்ல."

தெரியும். மாதக் கணக்காய் அவன் சாப்பாட்டை மூடி வைக்கிறாள். தோழி ஒருத்தி ஏதோ சொல்ல வந்தபோது பேச்சை மாற்றியிருந்தாள். நம்புவதென்று முடிவு செய்திருந்தாள்.

"நீ கொஞ்சம் மூச்சு வாங்கு. மார்யோரி, நீ வா" என்றான் எடில்சன்.

மார்யோரி கோல் போடும் முன்வரிசைக்காரி. "ஐயோ, எனக்குக் காவல் தெரியாதே!"

"சும்மா படுத்துக்க."

நோரெலா தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்தாள். மார்யோரிக்கு நீளமான மூச்சு. எடில்சன் அவசரப்படவில்லை. திடீரென்று கவிழ்ந்து இறங்கினான். அவன் கை படுவதற்குள் அவள் இடப்பக்கம் உருண்டாள். அவன் வலப்பக்கமாய் நுழைந்தான். நடுவே விரல் போகக்கூட இடம் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவுமில்லை.

ஒர்க்‌ஷாப்பில் தண்ணீர் கிடையாது.

"அட! எப்பிடிம்மா அவருக்குத் தெரிஞ்சுது?" என்றார் ஓவிடியோ.

"பழகணும்."

"எவ்ளோ நாள்?"

"எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு. தோள்ல தோள் இடிச்சு வீங்காத நாள் இல்ல."

"அப்ப இவங்களும் பழைய ஜோடிதானா?"

மேலே வந்திருந்த மார்யோரி முகமூடியைக் கழற்றவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எடில்சன் தலை தூக்கினான். "எப்பிடி இருந்துது?"

"ரொம்ப நல்லா இருந்துது" என்றாள் நோரெலா. "இனி இவதான் உன் ஜோடி."

"என்ன பேசற நீ?"

"தண்ணியில மட்டும் இல்ல, எடில்சன்."

அவன் மார்யோரியைப் பார்த்தான்.

நோரெலா கரையில் உட்கார்ந்து துடுப்பைக் கழற்றப் பார்த்தாள். வார் பிடிபடவில்லை. ஓவிடியோ குனிந்து இழுத்து விட்டார். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. "இது எந்தக் கடையிலம்மா கிடைக்கும்?" என்றார். அவள் கடையின் பெயரைச் சொன்னாள். வழியும் சொன்னாள்.